ஹவில்தார் கொடுத்த அரிசி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்தில் மாடி அறை. சாப்பாட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு அக்கா நடத்திய சாப்பாட்டுக் கடை. அவளுடைய வீட்டுக்காரர் இழுப்பு வியாதிக்காரர். பின்கட்டில் கட்டிலோடு கிடப்பார். முன்கூடத்தில் பாய் விரித்து இரண்டு வரிசையாக எங்களை உட்காரவைத்து அவளே பரிமாறுவாள். ஆபீஸ் குமாஸ்தாக்கள், ஒரு வாத்தியார், ரயில்வே பார்சல் ஆபீஸ்காரர் ஒருவர், இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர்.

எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. பட்டாளத்துக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடுகிற இடத்திலும் ரயிலிலும் தெருவிலும் தற்செயலாக எதிர்ப்பட்டவர்களை வைத்துத்தான். அது நியாயமான அளவுகோல் இல்லை என்று என் மகன்கூடச் சொல்லுவான். இருக்கலாம். குமட்டல் நியாயம் பார்த்துக்கொண்டு வருவதில்லை.

முதலில் வந்தவன் ஹவில்தார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவன். நாற்பது வயதிருக்கும். மதுரைக்கு வடக்கே எங்கோ பிறந்தவன், ஆனால் எங்கள் பேச்சையும் நன்றாகப் பேசுவான். மினுமினுப்பான கன்னம், கஞ்சி போட்டு விறைத்த காக்கிச் சட்டை, அக்குளில் ஒரு பிரம்பு. எங்கள் ஆபீஸ் காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டுக்கொண்டு காலையில் உட்கார்ந்துவிடுவான்.

மழை பொய்த்திருந்த சமயம். கரிசல் காட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களை வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கோவணத்தோடு வரிசையாக நிற்கச் சொல்லுவான். கிணற்றுக்குப் போகிற பெண்கள் அந்த வழியாகத்தான் போகவேண்டும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். அவன் அவசரப்படமாட்டான். பிரம்பின் நுனியால் ஒருவனுடைய உதட்டைத் தூக்கி, “பல்லைக் காட்டுலே” என்பான். இன்னொருவனுடைய தொடையில் தட்டிப் பார்ப்பான். மாட்டுத்தாவணியில்கூடத் தரகர்கள் மாட்டின் வாயைக் கையால்தான் திறந்து பார்ப்பார்கள். கை படாமல் பார்ப்பது அவனிடம்தான் கண்டேன். ஜன்னல் ஓரத்தில் என் மேஜை. வேண்டாமென்று நினைத்தாலும் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

மத்தியானம் அதே ஆள் எனக்கு எதிர்ப் பாயில் உட்கார்ந்திருப்பான்.

அவன் சாப்பிடுகிற விதம் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சோற்றை முழங்கை வரை வழியப் பிசைந்து உருட்டி, வாயைத் திறந்தபடியே மெல்லுவான். மென்றுகொண்டே பேசுவான். துறைமுக ஊர்களில் அவன் பார்த்த பொம்பிளைகளைப் பற்றித்தான் பேச்சு. இடையில் தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியால் காதைக் குடைந்து, குச்சியைப் பார்த்துவிட்டு, மறுபடியும் பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொள்ளுவான். கை கழுவும் அண்டாவுக்குள் காறித் துப்புவான். அக்காவைக் கூப்பிட விரலைச் சொடுக்குவான். எங்கள் வரிசையில் யாராவது ஒருத்தர் அவன் சொன்ன கதைக்குச் சிரித்துவிடுவார். வாத்தியார்தான் அதிகம் சிரிப்பார்.

அவனை யாரும் ஒன்றும் சொல்லமுடியாது. காரணம், அரிசி. பர்மா அரிசி நின்றுபோய் ஊரெல்லாம் ரேஷன். கடையில் கிடைக்கிற அரிசியில் பாதி கல்லும் புழுவும். அக்கா கம்பும் கேப்பையும் கலந்துதான் எங்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இவன் வந்த பிறகு மாதம் தவறாமல் ஒரு மூட்டை வெள்ளை அரிசி வந்து இறங்கியது. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. பட்டாளத்து ஸ்டோரிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். அவனுக்குச் சாப்பாடு இலவசம், எங்களுக்கு நெல்லுச்சோறு. அந்தச் சோற்றை உருட்டி வாயில் வைக்கும்போது, எதிரே அவனுடைய வாய்க்குள் அரைபடுவதும் இதே சோறுதான் என்ற நினைப்பு வரும். விழுங்கிவிடுவேன். பசி பெரிது.

அப்படி வேப்பமரத்தடிக்கு வந்தவர்களில் ஒருவனை மட்டும் எனக்கு நினைவிருந்தது. இளையரசனேந்தல் பக்கத்துக்காரன். இடது காது மடலில் பாதி கிடையாது. சின்ன வயசில் மாடு குத்தியதாம். வரிசையில் நிற்குமுன் என் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“சாமி, பட்டாளத்துல மூணு வேளையும் சோறு போடுவாகளா?”

“போடுவாங்கன்னுதான் சொல்லுதாங்க.”

“பொண்டாட்டிட்ட சொல்லாம வந்துட்டேன். சொன்னா விடமாட்டா.” சொல்லிவிட்டுச் சிரித்தான். வெள்ளந்தியான சிரிப்பு. அன்றைக்கே அவனை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். மத்தியானம் நாங்களெல்லாம் இலையில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கலாம். நெடிய, ஒட்டி உலர்ந்த உடம்பு. பாதம் இரண்டும் புழுதியில் வெளுத்திருந்தன. இளையரசனேந்தலிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். ஆபீஸ் வாசலில் கேட்டதற்கு, ஆள் எடுக்கிறவர் இங்கே சாப்பிடுவார் என்று யாரோ வழிசொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

“இங்கன பட்டாளத்து ஐயா யாரு?” என்றாள்.

சட்டையைப் பார்த்தாலே தெரியும். அவன் தலையை நிமிர்த்தாமல், “என்ன?” என்றான்.

“எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல சேந்துட்டாகன்னு சொல்லுதாக. ஒரு தாக்கலும் இல்ல, கடுதாசியும் இல்ல. காதுல பாதி இருக்காது.”

“ஓ, காதறுந்தானா?” ஹவில்தார் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். “அவனுக்கு இப்படி ஒரு பொண்டாட்டியா?”

“எங்க இருக்காகன்னு மட்டும் சொல்லுங்க ஐயா. உசுரோட இருக்காகளா?”

“பட்டாளத்து ரகசியத்தைத் தெருவுல போற வாறவளுக்கெல்லாம் சொல்லிருவாகளா?” என்றான். மோரை உறிஞ்சினான். விரல் ஒவ்வொன்றையும் வாயில் விட்டுச் சூப்பினான். பிறகு இலையை அவள் பக்கமாகத் தள்ளினான். “இந்தா, இந்த எலையை எடுத்து வெளிய போட்டுட்டு வா. சொல்லுதேன்.”

இலையில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கையும், பாதி கடித்த மிளகாயும், மோரும் எச்சிலும் கலந்து ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. குனிந்து இலையின் இரண்டு முனையையும் பிடித்துச் சுருட்டினாள். எச்சில் மோர் அவளுடைய முழங்கையில் வழிந்தது. எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது.

“அவசரப்படாத. இங்கன வச்சு எப்படிச் சொல்ல? சாயங்காலம் நான் தங்கியிருக்கிற எடத்துக்கு வா. விவரமாச் சொல்லுதேன்” என்றான் அவன்.

அடுக்களை நிலையில் அக்கா ரசச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“ஏட்டி, அதக் கீழ போடு.”

அந்தப் பெண் இலையைப் பிடித்தபடியே விழித்தாள்.

“போடுன்னு சொல்லுதேம்லா. அவன் தின்ன எலைய அவன் எடுப்பான்.” பிறகு ஹவில்தார் பக்கம் திரும்பினாள். “எந்திரியும்.”

“என்ன?”

“தின்னாச்சில்லா? எந்திரியும்வே. நாளையிலருந்து வேற எடம் பாத்துக்கிடும்.”

அவன் சிரித்தான். அதட்டியிருந்தால்கூட அவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. “அரிசிக்கு என்ன செய்வ?”

“நீரு போட்ட மூட்டையில மிச்சம் கெடக்கு. ஆளை விட்டுத் தூக்கிட்டுப் போயிரும்.”

“என்ன சார், நீங்கள்லாம் என்ன சொல்லுதீங்க?” என்று எங்கள் வரிசையைப் பார்த்துக் கேட்டான். வாத்தியார் குழம்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பார்சல் ஆபீஸ்காரர் தண்ணீர் குடித்தார். நான் எழுந்துவிட்டேன். அதற்கு மேல் அந்தச் சோறு இறங்காது. எழுந்தது ஒன்றுதான் நான் செய்தது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவன் பிரம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனான். போகும்போது வாசல் கோலத்தின் மேல் துப்பிவிட்டுப் போனான்.

அக்கா அந்தப் பெண்ணைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையைக் கழுவச் செய்து, சோறு போட்டாள். மறுநாள் நான் ஆள் எடுக்கிற ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த ஒருவரிடம் விசாரித்தேன். ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். ஆள் ஜபல்பூர் பக்கம் பயிற்சியில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். இதில் ஒரு ரகசியமும் இல்லை. அக்கா வீட்டிலேயே தங்கியிருந்த அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்.

“அது எந்தத் திசை?” என்று கேட்டாள்.

வடக்கே கையைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் ராஜபாளையம் ரோட்டில் பட்டாளத்து லாரிகள் வரிசையாக வந்து நின்றன. அந்த நாட்களில் அது சகஜம்தான். வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தெப்பக்குளத்தில் குளித்துக்கொண்டு, சிரிப்பும் கூச்சலுமாக ஒரு பொழுது இருந்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அதில் ஐந்தாறு பேர் வழி விசாரித்துக்கொண்டு நேரே அக்காவின் கடைக்கு வந்தார்கள். நாங்கள் அப்போதுதான் உட்கார்ந்திருந்தோம். பூட்ஸைக் கழற்றவில்லை. விரித்த பாயின்மேல் நடந்துவந்தார்கள்.

“ஹவில்தார் சொன்னாரு, இங்கன சாப்பாடு நல்லாருக்கும்னு” என்றான் ஒருவன் தமிழில். மற்றவர்களுக்கு நம் பாஷை தெரியவில்லை.

அக்கா, “உக்காருங்க, போடுதேன்” என்றாள்.

அவர்கள் உட்காரவில்லை. அடுக்களைக்குள் போனார்கள். தமிழ் பேசியவன் சோற்றுப் பானைக்குள் கையை விட்டு அள்ளினான். இன்னொருவன் குழம்புச் சட்டியில் கையைக் கழுவினான். கழுவிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்து, பாராட்டுக்குக் காத்திருப்பவன் மாதிரி இளித்தான். மூன்றாமவன் குடிதண்ணீர்ப் பானையை எட்டிப் பார்த்து, நிதானமாகத் தொண்டையைச் செருமி, அதற்குள் துப்பினான். அவர்களோடு வந்த ஒரு இளவட்டம் மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டான். அவனுக்கு முகம் வெளிறியிருந்தது. ஆனால் அவனும் தடுக்கவில்லை. நாங்களும்தான் தடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

லாரி கிளம்பிப் போன பிறகு அக்கா ஒரு பானை விடாமல் கவிழ்த்தாள். மண்பானைகளை உடைத்தாள். வெண்கலப் பாத்திரங்களைப் புளிபோட்டுத் தேய்த்தாள். அந்தப் பெண்ணும் கூட உட்கார்ந்து தேய்த்தாள். பின்கட்டிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர் இரைப்புக்கு நடுவே, “யாரு வந்தது? யாரு வந்தது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். “போனா என்ன சொல்லுவான்? சண்டைக் காலம்மா, பொறுத்துக்கோன்னுவான். அதையும் வேற கேட்டுட்டு வரணுமாக்கும்” என்றாள் அக்கா.

எனக்குப் பட்டாளத்துக்காரர்கள்மேல் வந்த அருவருப்புக்குக் குறைவில்லாமல் எங்கள் வரிசையின்மேலும் வந்தது அதற்குப் பிறகுதான். வெள்ளை அரிசி நின்றது. மறுபடியும் கம்பஞ்சோறு. முதல் வாரத்திலேயே வாத்தியார் முனக ஆரம்பித்தார். “ஒரு பட்டிக்காட்டுப் பொம்பளைக்காக இவ்வளவு பேரு வயித்துல அடிச்சுட்டா. எலைய எடுத்துப் போட்டா என்ன கையா ஒடிஞ்சிரும்?” என்று தெருவில் நின்று சொன்னார். கொஞ்ச நாளில் ஹவில்தார் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த ஓட்டலுக்கு அரிசி கொடுக்கத் தொடங்கினான். வாத்தியாரும் குமாஸ்தாக்களும் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். அக்கா கடையில் நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம். கம்பு எனக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுக் கடுப்பு வரும். ஆனாலும் அந்த ஓட்டல் வாசலைக் கடக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து அவனுடைய குரலும், அதற்கு வாத்தியாருடைய சிரிப்பும் கேட்கும். கடுப்பே மேல் என்று தோன்றும்.

அந்தப் பெண் ஊருக்குத் திரும்பவில்லை. அங்கே போய் என்ன செய்ய, காடெல்லாம் காய்ந்து கிடந்தது. அக்காவோடு இருந்து கம்பு குத்தினாள், தண்ணீர் சுமந்தாள், பிறகு சமைக்கவும் செய்தாள். சின்னவளாக இருந்தாலும் நான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. அவள் என்னை அண்ணாச்சி என்பாள். அவளுக்காகப் புருஷனுக்கு இரண்டு மூன்று கடுதாசி எழுதிப் போட்டேன். ஒன்றுக்கு மட்டும் யாரோ ஒருவருடைய கையெழுத்தில், நலம் என்று பதில் வந்தது. அவள் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வாசலுக்குப் போய் வெகுநேரம் வெறுமனே நின்றாள். சந்தோஷப்பட அவளுக்குத் தெரிந்த விதம் அது.

யுத்தம் முடிந்தது. அடுத்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். பெட்டியில் கூட்டம். ஆனால் ஒரு மூலையில் மட்டும் இடம் இருந்தது. போய்ப் பார்த்தால், காக்கி உடுப்பில் ஒரு ஆள் பூட்ஸ் காலை எதிர்ப் பலகையில் நீட்டிப் போட்டிருந்தான். அந்தப் பலகையின் ஓரத்தில் ஒரு கிழவர் பூட்ஸ் மேலே படாதபடி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஆள் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். இடது காதில் பாதி இல்லை.

எனக்கு ஒரு நொடி சந்தோஷம் பொங்கியது. அதை மறைக்க வேண்டியதில்லை. உசுரோடு வந்துவிட்டானே!

“நீரு இளையரசனேந்தல் பக்கம்தான?” என்றேன்.

“உமக்கு எப்படித் தெரியும்?”

“உம்ம வீட்டுக்காரிக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தது நான்தான். சங்கரன்கோவில்ல அக்கா கடையில.”

“ஓ, நீருதானா?” காலை மடக்கி எனக்கு இடம் விட்டான். கிழவருக்கு விடவில்லை. “அவ இப்ப எப்படி இருக்கா? சதை கிதை போட்டிருக்காளா? அப்பல்லாம் விறகுக் கட்டை மாதிரி இருப்பா.”

பதிலுக்குக் காத்திராமல் அவனே பேச ஆரம்பித்துவிட்டான். வார்த்தைக்கு வார்த்தை இந்துஸ்தானி. சண்டை பார்த்தீரா என்று கேட்டேன். சண்டைக்கே போகவில்லை, வங்காளத்தில் கேம்ப் சமையல்கட்டைச் சேர்ந்த வேலை என்றான்.

“அங்கத்துப் பஞ்சத்தக் கேள்விப்பட்டிருப்பீரே? ஊரே எலும்பா நடக்கும். எங்க வேலிக்கு வெளிய வந்து கூட்டம் கூட்டமா நிப்பாக. சோறு கேக்கமாட்டாக. ‘பேன், பேன்’னு கத்துவாக. அவுக பாஷையில அது வடிச்ச கஞ்சி.” அவன் சிரித்தான். “ஒரு நாள் ஒரு வேடிக்கை செஞ்சோம். கஞ்சிய வேலிக்கு இந்தப் பக்கம் மண்ணுல ஊத்துனோம். அது சரிவுல ஓடி அந்தப் பக்கம் போகும்லா? எத்தன பேரு விழுந்து நக்குதாகன்னு எங்களுக்குள்ள பந்தயம். ஒரு பொம்பள புள்ளையக் கீழ வச்சுட்டு...”

“போதும்வே” என்றேன்.

“என்ன அண்ணாச்சி?”

“நீரும் பசிச்சுத்தானவே பட்டாளத்துக்குப் போனீரு? மூணு வேளை சோறு போடுவாகளான்னு ஜன்னல் கம்பியப் பிடிச்சுட்டு என்கிட்ட கேட்டீரு.”

அவன் கொஞ்சம் யோசித்தான். ஞாபகம் வந்தது போலிருந்தது. கோபப்படவில்லை. ஒரு சின்ன விஷயத்தை எனக்கு விளக்குகிறவன் மாதிரி, “அதான. அப்ப நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னேன். இப்ப இந்தப் பக்கம்” என்றான். சிகரெட்டைக் கிழவருடைய காலடியில் போட்டு மிதித்தான்.

எனக்கு எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடவேண்டும் போலிருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஹவில்தாருடைய எச்சில் இலையைப் பார்த்தபோது வந்த குமட்டல் வயிற்றோடு நின்றது. இது வயிற்றில் இல்லை. எங்கே இருந்தது என்றும் சொல்லத் தெரியவில்லை. அவனைக் கெடுத்தது பட்டாளமா, உள்ளேயே இருந்ததைப் பட்டாளம் வெளியே கொண்டுவந்ததா? கரிவலம்வந்தநல்லூர் தாண்டும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் அவனுடைய மனைவி வந்து நின்றாள். அன்றைக்கு வருவதாக அவன் சொல்லி அனுப்பியிருந்தானாம், எனக்குத் தெரியாது. அக்காவின் பட்டுக்கரைச் சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள். தலையில் பிச்சிப்பூ. அவனைப் பார்த்ததும் அவளுடைய வாய் கோணியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவன் பக்கத்தில் வந்து மேலும் கீழும் பார்த்தான். “இந்தா, பிடி” என்றான். கறுப்பு டிரங்குப் பெட்டியை அவள் தலையில் ஏற்றினான். அதன்மேல் படுக்கைச் சுருளை வைத்தான். கையில் ஒரு குட்டைக் கம்பைச் சுழற்றிக்கொண்டு முன்னால் நடந்தான்.

எனக்கும் அதே வழி. பத்தடி பின்னால் நடந்தேன். கடைத்தெருவில் நல்ல வெயில். ஒரு சோடாக் கடை முன்னால் அவன் நின்றான். தெரிந்தவர் யாரோ இருந்தார். சோடா உடைத்துக் குடித்தான். பேச்சு நீண்டது. வங்காளக் கதையாகத்தான் இருக்கவேண்டும், கடையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவள் தலைச்சுமையோடு ரோட்டில் நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“கொஞ்சம் எறக்கி வைக்கட்டா?” என்று கேட்டாள்.

“நில்லுட்டி அங்கன” என்றான். கடைக்காரர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, காலை ஓங்கித் தரையில் அடித்து, “அட்டென்ஷன்!” என்று கத்தினான். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் கம்பை நீட்டி அதன் நுனியால் அவளுடைய நாடியை நிமிர்த்தினான்.

அவள் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து மெதுவாகக் குனிந்து தரையில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். படுக்கையை எடுத்து அதன்மேல் ஒழுங்காகச் சாத்தினாள். சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நீங்களே தூக்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஓடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

சிரிப்பு நின்றது. உடுப்போடு தலையில் பெட்டியைத் தூக்க அவனுக்கு மனசு வரவில்லை. என்னைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, ஒரு கூலியாளக் கூப்பிடும்.”

“தூக்க மாட்டீரா? கை ரெண்டும் முழுசாத்தான இருக்கு” என்று சொல்லிவிட்டு நான் அவனைக் கடந்து போனேன். அந்த வருஷங்களில் நான் வாயைத் திறந்து சொன்ன ஒரே உருப்படியான பேச்சு அது என்று நினைக்கிறேன்.

அவன் கடைக்கு வந்தான். அக்கா விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி இலை போட்டுச் சாப்பாடு போட்டாள். அவனும் சாப்பிட்டான். சாப்பிட்ட பிறகு, ஊருக்குக் கிளம்பு என்று மனைவியைக் கூப்பிட்டான். அவள் வரவில்லை என்றாள். அடிக்கக் கையை ஓங்கினான். பின்கட்டிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர், எழுந்து நிற்கவே முடியாத மனுஷன், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கூடத்து நடுவில் நின்றார். பேசக்கூட அவருக்கு மூச்சில்லை. வெறுமனே நின்றார். ஓங்கிய கை இறங்கியது. நாலைந்து நாள் அவன் ஊரைச் சுற்றினான். ஹவில்தார் அரிசி கொடுத்த அந்த ஓட்டலில் அவனுக்கு நல்ல மரியாதை கிடைத்தது. வாத்தியார் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை கேட்டார். லீவு முடிந்ததும் போய்விட்டான். பிறகு அவன் வடக்கே எங்கேயோ இன்னொரு பெண்ணோடு இருப்பதாகப் பேச்சு வந்தது. அவள் கேட்டுக்கொண்டாள். அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

எனக்குக் கல்யாணமாகி, வாசுதேவநல்லூருக்கு மாற்றலாகி, மறுபடி சங்கரன்கோவிலுக்கே வந்து சேர்ந்தேன். சுதந்திரம் வந்திருந்தது. பட்டாளம் இப்போது நம் பட்டாளம் என்றார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவில் வருகிற சிப்பாய்கள் உடுப்போடு தெருவில் போனால் சின்னப் பிள்ளைகள் சலாம் வைத்தார்கள். பள்ளிக்கூட விழாவில் வாத்தியார் வீரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அக்கா கடையை இப்போது அந்தப் பெண்தான் நடத்தினாள். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. அவள் உட்கார்ந்து காய் நறுக்குவாள். அரிசி தாராளமாகக் கிடைத்தது. வீட்டில் சமையல் இல்லாத நாட்களில் நான் அங்கே போவேன். அப்படி ஒரு மத்தியானம் இரண்டு சிப்பாய்கள் வந்து என் எதிரே உட்கார்ந்தார்கள். இளம் பையன்கள். பூட்ஸை வாசலிலேயே கழற்றியிருந்தார்கள். வாயை மூடி மென்றார்கள். “அக்கா, கொஞ்சம் ரசம்” என்று தணிவாகக் கேட்டார்கள். அந்தப் பெண் மற்றவர்களுக்குப் போடுகிற மாதிரியே அவர்களுக்கும் போட்டாள். ஒருவனுடைய இலையில் சோறு குறைந்திருப்பதைப் பார்த்து, கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தாள்.

அவர்கள்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வாயில் வைத்தது உள்ளே போகவில்லை. இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அடுக்களைக்குப் போய், நெல் குதிருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மோரை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்து ஊற்றிவிட்டு, மறுபடியும் கூடத்துக்குப் போனாள்.